கோட்டையும் நூலகமும்

(பள்ளி ஆசிரியர், பெற்றோர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



ஆண்டுதோறும் நம் பிள்ளைகளைச் சென்னைக்கு அழைத்துச் செல்கிறோம். கடற்கரையைக் காட்டுகிறோம், கலங்கரை விளக்கத்தைக் காட்டுகிறோம். நன்று. ஆனால், இரண்டு கட்டடங்களை ஒரே நாளில் காட்டுங்கள் என்று வேண்டிக்கொள்ளவே இன்று வந்திருக்கிறேன். ஒன்று, புனித ஜார்ஜ் கோட்டையிலுள்ள சட்டமன்றம். மற்றொன்று, எழும்பூரிலுள்ள கன்னிமாரா நூலகம்.

இரண்டையும் ஏன் சேர்த்துச் சொல்கிறேன்? ஒன்று பேசும் இடம். மற்றொன்று படிக்கும் இடம். படியாமல் பேசுவது ஆரவாரம். படித்தும் பேசாதிருப்பது அடிமைத்தனம். இரண்டும் ஒருவனிடத்தில் கூடும்போதுதான் அவன் குடிமகன் ஆகிறான்.

கோட்டை யாருடையது? வாணிபம் செய்ய வந்த கிழக்கிந்தியக் கம்பெனி, 17ஆம் நூற்றாண்டில் தன் சரக்கையும் தன்னையும் காத்துக்கொள்ள எழுப்பியது. அங்கே இன்று மக்கள் தேர்ந்தெடுத்த 234 உறுப்பினர்கள் அமர்கிறார்கள். மதில் அதே மதில்தான், உரிமையாளர் மாறிவிட்டார்!

அந்த மாற்றம் தானாக வந்ததா? இல்லை. 1927இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி சென்னை மாகாணச் சட்டசபையில் நுழைந்தார். தேவதாசி முறை ஒழிய வேண்டும் என்று வாதாடினார். பழமையின் பெயரால் எதிர்த்தனர் பலர். ஒழிப்புச் சட்டம் நிறைவேறியதோ 1947இல்! 1967 ஜூலை 18 அன்று, பேரறிஞர் அண்ணா முதலமைச்சராக இருந்தபோது, ‘தமிழ்நாடு’ என்னும் பெயருக்கான தீர்மானம் சட்டமன்றத்தில் ஒருமனதாக நிறைவேறியது. அந்தப் பெயர் சட்டப்படி நடைமுறைக்கு வந்தது 1969 ஜனவரி 14இல். ஒரு நியாயம் சட்டமாவதற்கு எத்தனை ஆண்டு, எத்தனை குரல் என்பதைப் பார்வையாளர் மாடத்தில் அமரும் பிள்ளை உணர வேண்டும். அந்த மாடத்தில் வாய் திறக்கக் கூடாது என்பது விதி. ஆனால், வாழ்நாள் முழுதும் மாடத்திலேயே இருந்துவிடப் பிறந்தவர்கள் அல்லர் நம் பிள்ளைகள்!

இனி, நூலகம். 1896இல் திறக்கப்பட்ட கன்னிமாராவுக்கு, 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி, இந்தியாவில் வெளியாகும் ஒவ்வொரு நூலின் ஒரு படியும் வந்து சேர வேண்டும். செல்வரின் நூலானாலும், கடன் வாங்கி அச்சிட்ட ஏழைக் கவிஞனின் நூலானாலும், அங்கே ஒரே மரியாதைதான். சமத்துவத்தைப் பிள்ளைகளுக்குக் காட்ட இதைவிடச் சிறந்த இடம் எது?

இந்த இரண்டு இல்லங்களுக்கும் உறவு உண்டு. 1948இல் சென்னை மாகாணச் சட்டமன்றமே பொது நூலகச் சட்டத்தை இயற்றியது. விடுதலை பெற்ற இந்தியாவில் அதுவே முதல் நூலகச் சட்டம். அதற்காக உழைத்தவர் சீர்காழியிற் பிறந்த எஸ். ஆர். அரங்கநாதன். அச்சட்டத்தின் வழியே, வீட்டு வரியோடு நூலக வரியும் நாம் செலுத்துகிறோம். ஆகவே, நூலகம் எவரும் இட்ட பிச்சையன்று. நம் பணம், நம் உடைமை!

தோழர்களே, சென்னைக்குச் சென்று திரும்பிய பிள்ளை, “நம் ஊர் நூலகம் ஏன் பூட்டிக் கிடக்கிறது?” என்று கேட்டால், உங்கள் விடை என்ன? தண்டிய நூலக வரி நூலகத்துக்கு முழுமையாகச் சேர்ந்ததா என்று உள்ளாட்சி மன்றத்தில் கேளுங்கள். தலைவர் மாற்றுக் கட்சியினர் என்றால் உரக்கக் கேளுங்கள். நம் கட்சியினர் என்றால், முதலில் அவரையே கேளுங்கள்!

1989இல் வாக்குரிமை வயது 21இலிருந்து 18 ஆயிற்று. இன்று உலாச் செல்லும் பதினைந்து வயதுப் பிள்ளை, இன்னும் மூன்றே ஆண்டுகளில் வாக்காளர். சுவரொட்டியைப் பார்த்து வாக்களிப்பவராக அவரை வளர்க்கப் போகிறோமா, சட்டத்தைப் படித்து வாக்களிப்பவராக வளர்க்கப் போகிறோமா? அதனை முடிவு செய்ய வேண்டியவர்கள் நீங்கள்.