எபிசோட் 27: ஐந்து லட்சம் பறவைகளும் ஒரு குட்டி மீனும்

இன்னைக்கு இங்கிலாந்தோட கிழக்குக் கரைக்குப் போறோம். யார்க்‌ஷயர்ல பெம்ப்டன்னு ஒரு சின்ன ஊர். வேலை விஷயமா லீட்ஸ்ல இருந்தப்போ, ஜூன் மாசம் ஒரு சனிக்கிழமை ரயில் ஏறிட்டேன்.

ஸ்டேஷன்ல இறங்கி வயல் வழியா நடந்தா, கடல் தெரியறதுக்கு முன்னாடியே மீன் வாடை வந்துடும். அப்புறம் சத்தம். அதுக்கப்புறம்தான் பாறை. வெள்ளைச் சுண்ணாம்புப் பாறை, சுமார் 100 மீட்டர் உயரத்துலேர்ந்து செங்குத்தா கடல்ல இறங்குது. விளிம்பு முழுக்க ரெட் கேம்பியன்னு இளஞ்சிவப்புக் காட்டுப்பூ. பூவுக்கு அந்தப் பக்கம், நம்ம கண் உயரத்துலயே கேனட் பறவைகள் மிதக்குது. சீசன்ல இங்க கிட்டத்தட்ட ஐந்து லட்சம் கடற்பறவைகள் இருக்கும்.

நான் ரொம்ப நேரம் பார்த்தது கில்லமாட் பறவையை. அது கூடே கட்டாது. வெறும் பாறைத் திட்டுல ஒரே ஒரு முட்டை. குஞ்சுக்கு மூணு வாரம் ஆனதும், பறக்கத் தெரியறதுக்கு முன்னாடியே கடலுக்குக் குதிச்சிடும். கீழே தண்ணில அப்பா கூப்பிட்டுக்கிட்டே காத்திருக்கும்.

இதெல்லாம் இன்னைக்கு இருக்கறதுக்குக் காரணம் சட்டம். 19ஆம் நூற்றாண்டுல படகுல வந்து பொழுதுபோக்குக்காகவே பறவைகளைச் சுட்டாங்க. கிட்டிவேக் இறக்கைகள் தொப்பி அலங்காரத்துக்குப் போச்சு. இதை எதிர்த்தவங்க சொன்ன ஒரு காரணம் எனக்கு ரொம்பப் பிடிச்சது: பனிமூட்டத்துல பாறை பக்கத்துல இருக்குன்னு மாலுமிகளுக்குச் சொல்றது இந்தப் பறவைகளோட சத்தம்தான். 1869ல சட்டம் வந்தது. இனப்பெருக்க மாசங்கள்ல சுடத் தடை. ஆனாலும் கயிறு கட்டி இறங்கி முட்டை எடுக்கறது தொடர்ந்தது. அது நின்னது 1954 சட்டத்தோடதான்.

துப்பாக்கி போச்சு, கயிறும் போச்சு. பிரச்சினை முடிஞ்சுதா? இல்ல. கிட்டிவேக், பஃபின் குஞ்சுகளுக்கு முக்கிய உணவு சாண்ட் ஈல்ங்கற குட்டி மீன். அதைக் கப்பல் கப்பலா அள்ளி, தீவனத்துக்கு மீன் தூளாவும் எண்ணெயாவும் ஆக்கினாங்க. கடல் சூடாகறதும் அந்த மீனைப் பாதிக்குது. 2024ல வட கடலோட இங்கிலாந்துப் பகுதியில சாண்ட் ஈல் பிடிக்கத் தடை போட்டாங்க. ஐரோப்பிய ஒன்றியம் எதிர்த்து, விஷயம் நடுவர் மன்றம் வரைக்கும் போச்சு.

பாறையைச் சுத்தி வேலி போட்டா மட்டும் பறவை பிழைக்காது. அது சாப்பிடற கடலையும் சேர்த்துக் காப்பாத்தணும். பெம்ப்டன்ல எனக்குப் புரிஞ்சது இதுதான்.

போறவங்க ஏப்ரல்லேர்ந்து ஜூலை நடுவுக்குள்ள போங்க, ஆகஸ்ட்ல பஃபின் கடலுக்குப் போயிடும். பைனாகுலர் கண்டிப்பா வேணும். அடுத்த எபிசோட்ல சந்திப்போம்!