பொம்மை உடைக்குச் சீமுர்க் பறவை

பொம்மை உடையில் கிருமி பெருக ஒரு முக்கியக் காரணம் ஈரம். குழந்தை சப்பிய துணி உலராமல் கிடந்தால் பாக்டீரியா பெருகும். அதைத் தடுக்க மாதுளைத் தோல் உதவும். அதிலுள்ள டானின் பாக்டீரியாவின் புரதங்களோடு பிணைந்து அவற்றின் வளர்ச்சியைக் குறைக்கிறது. பட்டும் புரத இழை என்பதால் டானினை நன்றாகப் பற்றும். மல்பெரியும் பட்டுக்கூடும் ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரத்து விவசாயிகளுக்குப் பழகியவை. எனவே அங்கே பட்டு பக்கத்திலேயே கிடைக்கும்.

மாதுளைத் தோலை உலர்த்தி, நீரில் கொதிக்கவைத்து வடிகட்ட வேண்டும். படிகார நீரில் ஊறிய துணியை அந்தச் சாற்றில் மிதமான சூட்டில் முக்கினால் மஞ்சள் நிறம் ஏறும். அன்னபேதி (இரும்பு உப்பு) சேர்த்தால் சாம்பல் நிறம் வரும்.

மாதுளையின் பூர்வீகம் ஈரானும் அதன் அண்டை நிலங்களும். அழகான பொருத்தமாக, பாரசீகப் புராணத்தில் நோய் தீர்க்கும் பறவையும் உண்டு: சீமுர்க். கவிஞர் பிர்தௌசி 1010 வாக்கில் முடித்த ஷாநாமா காவியத்தில், மலையில் கைவிடப்பட்ட சால் என்னும் வெண்முடிக் குழந்தையை அது வளர்க்கிறது. பின்னாளில் அவன் மகன் ருஸ்தமின் காயங்களை ஆற்றுகிறது. முத்து வளையத்துக்குள் இப்பறவையை நெய்யும் பாரசீகப் பட்டு மரபு மிகப் பழையது. பொம்மைச் சட்டையின் முதுகுக்கு அந்த வட்டமே போதும். சமிக்கி, மணி கூடாது; குழந்தை விழுங்கிவிடும். சலவையில் டானின் மெல்லக் கரையும் என்பதால், பலமுறை துவைத்த துணியையும் ஆய்வகத்தில் சோதிப்பது அவசியம்.