பாதை யாருடையது? லோரி வருமுன் கேளுங்கள்

(குடியிருப்பாளர்களுக்கான சட்ட விளக்கக் கூட்டத்தில் வழக்கறிஞர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பக்கத்து நிலத்தில் செம்பனை மரங்களைச் சாய்க்கிறார்கள். தகர வேலி எழும்புகிறது. வேலியில் அடுக்குமாடி வீட்டின் படம் தொங்குகிறது. பிறகு ஒருநாள், நம் பிள்ளைகள் தமிழ்ப்பள்ளிக்கு நடந்துபோகும் அதே ஒற்றைப் பாதையில் மண் லோரிகள் வரிசையாக வருகின்றன. அப்போதுதான் நாம் விழித்துக்கொண்டு சட்டமன்ற உறுப்பினரின் அலுவலகத்துக்கு ஓடுகிறோம். அதற்குள் நில அலுவலகத்திலும் நகராண்மைக் கழகத்திலும் காரியம் முடிந்திருக்கும். ஆகவே லோரி வருமுன் என்ன செய்யலாம் என்பதைத்தான் இன்று பேசப்போகிறேன்.

முதலில் பாதை. "எங்கள் தாத்தா காலத்திலிருந்து நடக்கிறோம், எவன் மூடுவான்?" என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் 1965-ஆம் ஆண்டு தேசிய நிலச் சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. எத்தனை ஆண்டுகள் நடந்தாலும், நடந்ததனால் மட்டும் வழியுரிமை பிறக்காது என்று அதன் 284-ஆம் பிரிவு சொல்கிறது. எத்தனை ஆண்டுகள் குடியிருந்தாலும், குடியிருந்ததனால் மட்டும் நிலமும் நமதாகாது. கசப்பாக இருந்தாலும் இதைத் தெரிந்துகொள்ளத்தான் வேண்டும். வழி இல்லாமல் இல்லை. அதே சட்டத்தின் 28-ஆம் பகுதியின்படி நில நிர்வாகி விசாரணை நடத்தி, பொதுப் பாதையாகவோ தனியார் பாதையாகவோ வழியுரிமை ஏற்படுத்தலாம். அதற்கு விண்ணப்பம் போட வேண்டும். நீங்கள் போடாவிட்டால் மேம்பாட்டாளர் தனக்காகப் போடுவார், உங்கள் வாசல் வழியாக!

இரண்டாவது, எல்லை. தோட்டம் தனியார் நிலம் என்று சொல்லியே பல ஆண்டுகள் நமக்குச் சாலை, விளக்கு, வடிகால் எதுவும் தராமல் ஒதுக்கினார்கள். இப்போது மேம்பாடு வருகிறது என்றதும் அதே இடத்தை நகராண்மைக் கழக எல்லைக்குள் இழுத்துக்கொள்கிறார்கள். 1976-ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டத்தின்படி எல்லையை மாற்றும் அதிகாரம் மாநில அரசிடம் இருக்கிறது. அரசிதழில் அறிவித்தால் போதும், நம்மிடம் வாக்கெடுப்பு கிடையாது. ஊராட்சித் தேர்தலும் 1965-இல் நிறுத்தப்பட்டதுதான். எல்லைக்குள் சேர்ந்தால் மதிப்பீட்டு வரி வரும். ஆனால் சாலை தானாகப் பொதுச் சாலை ஆகிவிடாது. 1974-ஆம் ஆண்டு சாலை, வடிகால், கட்டடச் சட்டம் தனியார் சாலையையும் பொதுச் சாலையையும் தனித்தனியாகவே பார்க்கிறது. ஆகவே, "எங்களைச் சேர்த்தீர்கள், சரி. இந்தச் சாலையைப் பொதுச் சாலையாக ஏற்றுக்கொண்டீர்களா?" என்று எழுத்தில் கேளுங்கள். வாய்ப்பேச்சுப் பதில் எதற்கும் உதவாது.

மூன்றாவது, மேம்பாட்டு அனுமதி. தீபகற்ப மாநிலங்களில் இதற்கான சட்டம் 1976-ஆம் ஆண்டு நகர், புறநகர்த் திட்டமிடல் சட்டம், அதாவது சட்டம் 172. அந்த வட்டாரத்துக்கு ரஞ்சாங்கான் தெம்பாத்தான் எனும் உள்ளூர்த் திட்டம் இல்லையென்றால், அண்டை நில உரிமையாளர்களுக்கு அறிவிப்பு அனுப்ப வேண்டும். அவர்கள் 21 நாளுக்குள் ஆட்சேபிக்கலாம். அண்டை நிலம் என்றால் ஒட்டிய நிலம் மட்டுமல்ல. இரு தரப்பும் பயன்படுத்தும் முட்டுச்சாலைதான் மேம்பாட்டு நிலத்துக்கு வழி என்றால், 200 மீட்டருக்குள் இருக்கும் நிலங்களும் அண்டை நிலங்களே. உள்ளூர்த் திட்டம் இருக்கிறதா? அப்படியானால் அது வரைவாக மக்கள் பார்வைக்கு வைக்கப்படும்போதே ஆட்சேபிக்க வேண்டும். அந்த வரைபடத்தில் நம் தோட்டம் என்ன நிறத்தில் இருக்கிறது, நம் பள்ளியும் கோயிலும் அதில் இருக்கின்றனவா என்று போய்ப் பார்த்தவர்கள் எத்தனை பேர்?

இங்கே ஒரு சிக்கல் உண்டு. சட்டம் "உரிமையாளர்" என்றுதான் சொல்கிறது. லயத்தில் குடியிருப்பவருக்கும் வாடகைக்காரருக்கும் அறிவிப்பு வராது. அதனால் கிராண்ட் வைத்திருக்கும் குடும்பங்கள் கிராண்ட் இல்லாத குடும்பங்களுக்கும் சேர்த்துப் பேச வேண்டும். பள்ளி வாரியமும் கோயில் நிர்வாகமும் தங்கள் பெயரில் கடிதம் கொடுக்க வேண்டும்.

நான்காவது, நில எடுப்பு. சாலையை அகலமாக்க உங்கள் நிலத்தின் ஒரு துண்டைக் கேட்பார்கள். 1960-ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டத்தின்படி பாரம் டி அரசிதழில் வரும், பாரம் இ விசாரணைக்கு அழைக்கும். விசாரணைக்குக் கட்டாயம் போங்கள். போனவருக்கு, இழப்பீட்டுத் தீர்மானம் வந்த நாளிலிருந்து ஆறு வாரத்துக்குள் பாரம் என் மூலம் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோக உரிமை உண்டு. இன்னொன்றும் கவனியுங்கள். எஞ்சிய நிலத்துக்குச் சாலை போட்டுத் தருகிறோம் என்று உறுதி சொல்லி இழப்பீட்டைக் குறைப்பார்கள். அந்த உறுதி தெளிவாகவும் நிறைவேற்றச் செய்யக்கூடியதாகவும் இருந்தால்தான் செல்லும். நில உரிமையாளரின் விருப்பத்தின் பேரில் மட்டும் குடியிருப்பவருக்கு இந்தச் சட்டத்தில் இழப்பீடு கேட்கும் இடமே இல்லை. அவர்களுக்கு மாற்று வீட்டை முன்கூட்டியே எழுத்தில் வாங்குவது நம் எல்லாருடைய கடமை.

இரண்டு இடங்களை நினைவில் வையுங்கள். பினாங்கு கம்போங் புவா பாலாவில் நம் மக்கள் தலைமுறை தலைமுறையாக மாடு வளர்த்து வாழ்ந்தார்கள். நிலம் அவர்கள் பெயரில் இல்லை. நீதிமன்றத்தில் தோற்றார்கள். 2009-இல் வீடுகள் உடைக்கப்பட்டன. மற்றது கோலாலம்பூர் புக்கிட் கியாரா. முன்னாள் தோட்டத் தொழிலாளர்களை 1980-களின் தொடக்கத்தில் நீண்ட வீடுகளில் கொண்டுவந்து வைத்தார்கள். நிரந்தர வீடு வாக்குறுதியாகவே நின்றது. பிறகு அவர்களுக்கு வீடு கட்டுவதைக் காட்டியே தாமான் ரிம்பா கியாரா பூங்காவில் ஆடம்பர அடுக்குமாடிகளுக்கும் அனுமதி கொடுத்தார்கள். சுற்றுவட்டாரக் குடியிருப்பாளர்கள் வழக்குப் போட்டு, 2023 ஏப்ரலில் கூட்டரசு நீதிமன்றம் வரை வென்றார்கள். அனுமதி ரத்தானது.

அந்தத் தீர்ப்பு குடியிருப்பாளர்களுக்குப் பலம்தான். ஆனால் பூங்கா கேட்டவரும் வீடு கேட்டவரும் எதிரெதிராக நிறுத்தப்பட்டார்களே, அதை மறக்காதீர்கள். தாமான்காரர் ஒரு பக்கம், லயத்துக்காரர் ஒரு பக்கம் என்று நம்மையும் அப்படித்தான் பிரிப்பார்கள். பாதையும் வேண்டும், வீடும் வேண்டும் என்று ஒரே மனுவில் எழுதுங்கள்.

இந்த வாரமே மூன்று வேலை செய்யுங்கள். நில அலுவலகத்தில் கட்டணம் கட்டி, பாதை எந்த லாட்டில் போகிறது, யார் பெயரில் இருக்கிறது என்று தேடி எடுங்கள். நகராண்மைக் கழகத்தில் கடிதம் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். பாதையை, பள்ளியை, கோயிலை, லோரியைத் தேதியோடு படம் பிடித்து வையுங்கள். அனுமதி கொடுத்துவிட்டார்கள் என்று தெரிந்தால் உடனே வழக்கறிஞரைப் பாருங்கள். நீதிமன்றச் சீராய்வுக்கு மூன்று மாதம்தான் அவகாசம்.

நம்மிடம் பணமில்லை என்று தயங்காதீர்கள். முத்திரை போட்ட ஒரு கடிதத்துக்குப் பெரிய செலவில்லை. அது இல்லாமல் நீதிமன்றத்தில் நின்றால்தான் செலவு அதிகம்.