கிண்டி மைதானமும் ரோட்டுக் கேள்வியும்

(டாலிகஞ்ச் கூட்டத்தில் பேசியது)



ஊர்ச் செய்தி ஒன்று சொல்கிறேன். சென்னைக் கிண்டியில் 160 ஏக்கர் அரசு நிலம். 1945-இல் குதிரைப் பந்தய கிளப்புக்கு 99 வருடக் குத்தகை. வருட வாடகை 614 ரூபாய் சொச்சம்! நாம் ஒற்றை அறைக்கு மாதாமாதம் அதைவிட எத்தனை மடங்கு அழுகிறோம்? பந்தயத் திடலுக்குள்ளே கோல்ப் புல்வெளி வேறு. வாடகை பாக்கி 730 கோடி என்று சொல்லி, 2024 செப்டம்பரில் அரசு குத்தகையை ரத்து செய்தது. கிளப் கோர்ட்டுக்குப் போயிற்று. 118 ஏக்கரில் பூங்கா என்று அரசு அறிவித்தது. மழைநீருக்குக் குளம் வெட்டும் வேலையும் நடந்தது. 2015-இல் வெள்ளத்தில் தவித்த வேளச்சேரிக்கு அது தேவைதான்.

ஆனால், பூங்கா என்றால் கூட்டம் வரும். வேளச்சேரி மெயின் ரோடு ஏற்கெனவே திணறுகிறது. ஐந்து பர்லாங் ரோட்டுக்காரர் வாசலில் காரை நிறுத்தினால் சண்டைதான். ரயில்வேக்காரன் சொல்கிறேன்: கிண்டி ஸ்டேஷன் பக்கத்திலேயே இருக்கிறது, மெட்ரோவும் இருக்கிறது. முதலில் ஸ்டேஷனிலிருந்து நல்ல நடைபாதை. கார் நிறுத்த இடம் பிறகு. கிளப்காரர் காரில் வந்தார். கூலிக்காரன் பிள்ளைகளோடு நடந்துதானே வருவான்?

இங்கேயும் ஒரு மைதானத்தைத் திருத்தப் போகிறோம் என்றால், பஸ் எங்கே நிற்கும், பிள்ளைகள் ரோட்டை எப்படிக் கடப்பார்கள் என்று மாநகராட்சியில் எழுதிக் கேளுங்கள். நகலில் முத்திரை வாங்காமல் திரும்பாதீர்கள்.