கேட்பது வேறு, கட்டுப்படுவது வேறு

(வழக்கறிஞரும் கமக்காரரும் கூடிய கூட்டமொன்றில் ஆற்றப்பட்ட உரை)



கைத்தொலைபேசியிலும் இணையத்தளத்திலும் மக்களின் கருத்தைக் கேட்டு ஆட்சி நடத்தலாம் என்ற பேச்சு இன்று பலமாக அடிபடுகிறது. கருவி புதிதென்று தலைமேற் கொள்ளவும் வேண்டாம். பிறநாட்டுச் சரக்கென்று தள்ளவும் வேண்டாம். இக்கருவியைக் கொண்டு தன் அரசியலமைப்பையே எழுத முனைந்த நாடொன்று உண்டு. அதன் வரலாற்றை ஆராய்வோம்.

ஐஸ்லாந்தின் சனத்தொகை 2012 இல் ஏறத்தாழ 3,20,000. யாழ்ப்பாண மாவட்டத்தில் அன்று வாழ்ந்தோர் தொகையே இதனினும் பெரிது. 2008 ஒக்டோபரில் அந்நாட்டின் மூன்று பெரிய வங்கிகளும் ஒரே வாரத்தில் வீழ்ந்தன. மக்கள் வீதிக்கு வந்தனர்; அரசாங்கம் கவிழ்ந்தது. 2010 நவம்பரில் குலுக்கல் முறையில் தெரியப்பட்ட ஏறக்குறைய 950 பொதுமக்கள் ஓரிடத்தில் கூடித் தமது நாடு எவ்வாறு அமைதல் வேண்டும் என்று பேசினர். பின்னர் 25 பேரைத் தெரிவதற்குத் தேர்தல் நடந்தது. போட்டியிட்டோர் 522 பேர்! நடைமுறைக் குறைகளைக் காட்டி அந்நாட்டு உயர் நீதிமன்றம் அத்தேர்தலைச் செல்லாதென்றது; பாராளுமன்றமோ ஒருவர் நீங்கலாக அவர்களையே சபையாக நியமித்தது. (சட்டம் படித்தோருக்கு இதுவே தனியொரு விருந்து, இன்று அதற்கு நேரமில்லை.)

2011 ஏப்ரல் முதல் யூலை வரை அச்சபை எழுதிய வரைவுகள் அவ்வப்போது இணையத்தளத்தில் வெளியாயின. பொதுமக்கள் முகநூலில் திருத்தம் சொன்னார்கள். மூவாயிரத்துக்கு மேற்பட்ட கருத்துக்கள் வந்தன. சபையினர் வாசித்தனர், விடையளித்தனர், சிலவற்றை ஏற்றனர். முடிவில் 114 உறுப்புரைகள் கொண்ட வரைவு பிறந்தது. இயற்கை வளம் தனியாருக்கு உடைமையாகாது என்பதும் அதிலொன்று. 2012 ஒக்டோபர் 20 இல் நடந்த வாக்கெடுப்பில் மூன்றில் இரு பங்கினர் வரைவை ஆதரித்தனர். வளம் பற்றிய வினாவுக்கு ஆதரவு 83 வீதம்.

பிறகு நடந்தது யாது? ஒன்றுமில்லை. 2013 இல் பாராளுமன்றம் வரைவை நிறைவேற்றாமலே கலைந்தது. 1944 ஆம் ஆண்டு அரசியலமைப்பே இன்றும் நிலைக்கிறது.

கருவி பழுதா? இல்லை, கருவி செவ்வனே வேலை செய்தது. பழுது சட்டத்தில் இருந்தது. அந்த வாக்கெடுப்பு ஆலோசனை மாத்திரமே. அரசியலமைப்பைத் திருத்தப் பாராளுமன்றம் ஒருமுறை ஏற்று, தேர்தலைச் சந்தித்து, புதிய பாராளுமன்றம் மீண்டும் ஏற்றல் வேண்டும். கடல்மீன் பங்கீட்டில் செல்வம் சேர்த்தோர் அந்த வரைவை விரும்பவில்லை. அவர்கள் வாதாடி வெல்ல வேண்டியதில்லை. காலத்தைக் கடத்தினாலே போதுமானதாயிற்று.

இந்தக் கதை நமக்குப் புதிதா? 2015 டிசம்பரில் நியமிக்கப்பட்ட மக்கள் கருத்தறியும் குழு மாவட்டந்தோறும் வந்தது. நம்மவர் நேரிற் சென்றும் எழுதியும் மின்னஞ்சல் அனுப்பியும் சொல்லவேண்டியதைச் சொன்னார்கள். 2016 மே மாதத்தில் அறிக்கை வெளிவந்தது. புதிய அரசியலமைப்பு வரவில்லை.

தாய்வானில் வேறொரு வழி உண்டு. 2015 இல் அந்நாட்டு அரசாங்கம் அமைத்த மனுத் தளத்தில் 60 நாளுக்குள் 5,000 பேர் கையொப்பமிட்டால், உரிய அமைச்சு எழுத்தில் மறுமொழி சொல்லியாக வேண்டும். மறுக்கலாம், மௌனம் சாதிக்க முடியாது. நாம் வேண்டுவதும் இதுவே.

2025 மே மாதம் தெரிவான பிரதேச சபைகள் நம் கண்முன் இருக்கின்றன. வாய்க்காலைத் துப்புரவாக்குவதா, சந்தைக்குக் கூரை போடுவதா என்று கைத்தொலைபேசியில் தாராளமாகக் கேட்கட்டும். ஆனால் கேட்குமுன் ஒரு பிரேரணை நிறைவேறட்டும்: வந்த கருத்துக்கள் யாவும் தமிழில் வெளியிடப்படும், முப்பது நாளுக்குள் ஏற்றது எது, தள்ளியது எது, ஏன் என்று சபை எழுத்தில் அறிவிக்கும். கைத்தொலைபேசி இல்லாத முதியவரின் வாய்மொழியை வாசிகசாலையிற் பதிந்து அதே கணக்கிற் சேர்த்தல் வேண்டும். தோட்டத்தில் இறைப்பு முடித்து இரவில் வருபவருக்கு இருநாள் தவணை போதாது. மூன்று வாரமாவது வேண்டும்.

பிரேரணையின் வாசகத்தை நாம் எழுதித் தருகிறோம். உங்கள் வட்டார உறுப்பினரிடம் அதனைக் கையளித்து, பெற்றுக்கொண்டதற்கு ஒப்பம் வாங்குங்கள்.