தன்பாலினத் திருமணமும் சட்டமன்றத்தின் கடமையும்



இந்தச் சொற்பொழிவை நடத்தும் அறக்கட்டளை யார் நினைவாக நிறுவப்பட்டதோ அந்த வழக்கறிஞர் ஐயாவை நான் முதன்முதலில் பார்த்தது என் பெரியம்மா வீட்டுத் திண்ணையில். பெரியம்மாவுக்கு 1959இல் சுயமரியாதைத் திருமணம். அழைப்பிதழில் 'வாழ்க்கைத் துணைநல ஒப்பந்த விழா' என்று அச்சடித்திருந்தார்கள். புரோகிதர் இல்லை, ஓமம் இல்லை. மாலை மாற்றிக்கொண்டார்கள், பெரியவர்கள் வாழ்த்திப் பேசினார்கள், பந்தி நடந்தது. ஆறே ஆண்டில் பெரியப்பா காலமானார். நிலம் பாகம் பிரிக்க உட்கார்ந்தபோது கொழுந்தனார் சொன்னார்: "அவங்க சட்டப்படி எங்க அண்ணன் சம்சாரம் இல்லை." வழக்கு நீதிமன்றத்துக்குப் போயிற்று. குறுக்கு விசாரணையில் கேட்ட ஒரு கேள்வியைப் பெரியம்மா கடைசிக் காலம்வரை மறக்கவில்லை. "அக்கினியைச் சுற்றி ஏழடி வைத்தீர்களா?" "இல்லை. ஊர் பார்க்க மாலை மாற்றினோம்."

கொழுந்தனாரின் மனத்தில் ஈரமில்லை. ஆனால் அன்றைய சட்டம் அவர் பக்கம்தான் இருந்தது. சடங்கில்லாத இத்தகைய திருமணம் செல்லாது என்று 1953இல் தெய்வானை ஆச்சி வழக்கில் சென்னை உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. நீதிமன்றம் அடைத்த கதவைச் சட்டமன்றம் திறந்தது. அண்ணா முதலமைச்சராக இருந்த 1967இல் இந்துத் திருமணச் சட்டத்தில் 7ஏ என்ற பிரிவு சேர்ந்தது. 1968 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. இனி நடக்கப்போகும் திருமணங்கள் மட்டுமல்ல, அதற்கு முன்பே மாலை மாற்றியவர்களின் திருமணமும் நடந்த நாளிலிருந்தே செல்லும் என்று அது சொன்னது. ஐயா அந்தச் சட்ட நகலைக் கையில் எடுத்துக்கொண்டுதான் அன்று திண்ணைக்கு வந்தார்.

தன்பாலினத் திருமணம் பற்றிப் பேசுங்கள் என்று அறக்கட்டளையினர் கேட்டவுடன் எனக்கு அந்தத் திண்ணைதான் நினைவுக்கு வந்தது. ஊரார் ஒப்பாத ஒரு திருமணத்தைச் சட்டம் எந்த வழியாக ஏற்கலாம்? நீதிமன்றம், வாக்குப்பெட்டி, சட்டமன்றம் என்று வழிகள் மூன்று. இந்த மூன்றையும் இரண்டே ஆண்டுகளில் கடந்துவந்த நாடு ஒன்று ஆசியாவிலேயே இருக்கிறது.

தைவானில் சீ ஜியாவெய் என்ற இளைஞர் 1986இல் பத்திரிகையாளர்களைக் கூட்டி, தாம் தன்பாலீர்ப்பாளர் என்று வெளிப்படையாகச் சொன்னார். அன்று அங்கே ராணுவச் சட்டம் அமலில் இருந்த காலம். அந்த ஆண்டே தம் துணைவரோடு திருமணத்தைப் பதிவுசெய்யக் கேட்டார், மறுத்தார்கள். அதே ஆண்டில் கைதாகி 162 நாள் அடைபட்டுக் கிடந்தார். வெளியே வந்தும் அவர் விடவில்லை. 2013இல் தைப்பே நகரின் பதிவு அலுவலகத்தில் மறுபடி விண்ணப்பித்தார், மறுபடி மறுத்தார்கள். படிப்படியாக ஏறி அரசியல் சாசன நீதிமன்றத்தின் வாசலை அடைந்தபோது இளைஞர் அறுபதை நெருங்கியிருந்தார்.

2017 மே 24 அன்று அந்த நீதிமன்றம் 748ஆம் எண் விளக்கத்தை வெளியிட்டது. ஒரே பாலினத்தவர் இருவர் மணந்துகொள்ள வழியில்லாத குடிமைச் சட்டம், திருமணச் சுதந்திரத்துக்கும் சமத்துவத்துக்கும் முரண் என்றது. இவ்வளவை எந்த நீதிமன்றமும் சொல்லிவிடும். அடுத்து எழுதியதில்தான் அதன் திறமை இருக்கிறது. இரண்டு ஆண்டுக்குள் சட்டத்தைத் திருத்துங்கள். திருத்தாவிட்டால், இரண்டு சாட்சிகள் கையெழுத்திட்ட தாளோடு தன்பாலினத் துணையர் பதிவு அலுவலகத்துக்குப் போகலாம், பதிவுசெய்துதான் ஆக வேண்டும். கெடு வைத்து, கெடு தவறினால் என்ன நடக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட்ட தீர்ப்பு அது. சட்ட மாணவர்கள் அதைத் தேடிப் படிக்க வேண்டும்.

ஆனால் கெடு முடிவதற்குள் வாக்குப்பெட்டி குறுக்கே வந்தது. பொதுவாக்கெடுப்பு நடத்துவதை எளிதாக்கிய புதிய விதிகளைப் பயன்படுத்தி, எதிர்ப்பாளர்கள் கையெழுத்துத் திரட்டினார்கள். 2018 நவம்பர் 24 அன்று உள்ளாட்சித் தேர்தலோடு சேர்த்து மக்களிடம் பத்துக் கேள்விகள் கேட்கப்பட்டன. குடிமைச் சட்டத்தில் திருமணம் என்பது ஓர் ஆணும் ஒரு பெண்ணும் இணைவது மட்டுமே என்று இருக்க வேண்டுமா என்பதற்கு 76 லட்சம் பேருக்கு மேல், நூற்றுக்கு 72 பேர், ஆம் என்றார்கள். தன்பாலினத் துணையருக்கு அந்தச் சட்டத்துக்கு வெளியே வேறு பாதுகாப்பு தரலாமா என்ற கேள்விக்கும் பெரும்பான்மையோர் ஆம் என்றார்கள்.

ஒருபுறம் நீதிமன்றக் கெடு, மறுபுறம் மக்கள் வாக்கு. இடையில் சிக்கியது நாடாளுமன்றம். குடிமைச் சட்டத்தைத் தொடாமல் தனிச் சட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது அரசு. அதன் தலைப்பில் 'திருமணம்' இல்லை, 'தன்பாலினம்' இல்லை. '748ஆம் எண் விளக்கத்தை நடைமுறைப்படுத்தும் சட்டம்' என்று மட்டும் இருந்தது. சண்டை முழுவதும் நான்காவது பிரிவில் இருந்த ஒரு சொல்லுக்காக நடந்தது. 'திருமணப் பதிவு' என்ற அந்தச் சொல் வேண்டாம், குடும்ப உறவு என்றோ கூட்டு வாழ்வு என்றோ எழுதுங்கள் என்று மாற்று மசோதாக்கள் வந்தன. 2019 மே 17, நல்ல மழை. நாடாளுமன்றத்துக்கு வெளியே ஆயிரக்கணக்கானோர் நனைந்தபடி நின்றார்கள். 66 பேர் ஆதரவு, 27 பேர் எதிர்ப்பு என்று அந்தப் பிரிவு நிறைவேறியது. கெடு முடிந்த மே 24 அன்றே பதிவுகள் தொடங்கின.

ஒரு சொல்லுக்காகவா இவ்வளவு என்று கேட்பவர்கள் என் பெரியம்மாவை நினைத்துப் பாருங்கள். 'சம்சாரம்' என்ற ஒரு சொல்லில்தான் அவருடைய நிலமும் மானமும் இருந்தன.

வாக்கெடுப்பு எல்லா இடத்திலும் தோற்றதில்லை. அயர்லாந்தில் 2015 மே 22 அன்று நூற்றுக்கு 62 பேர் ஆதரித்தார்கள். அந்நாட்டு அரசியல் சாசனத்தைத் திருத்த வேறு வழி கிடையாது, அதனால் மக்களிடம் போனார்கள். அந்த வெற்றி எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் வென்றதால் அந்த முறை நியாயமாகிவிடாது. தன் கல்யாணத்துக்கு அனுமதி கேட்டு முன்பின் தெரியாதவர் வீட்டுக் கதவைத் தட்டும் நிலை நம்மில் யாருக்கு வந்திருக்கிறது? கலிபோர்னியாவில் 2008 மே மாதம் நீதிமன்றம் கொடுத்த உரிமையை அதே ஆண்டு நவம்பரில் வாக்காளர்கள் பறித்தார்கள். அமெரிக்காவின் எந்த மாநிலத்திலும் 2012வரை வாக்காளர்கள் இதற்கு ஆம் சொன்னதில்லை. 1967இல் சுயமரியாதைத் திருமணம் செல்லுமா என்று வாக்குப்பெட்டி வைத்துக் கேட்டிருந்தால், எங்கள் ஊர்ப்பக்கம் தோற்றிருக்கும் என்றே நம்புகிறேன். சிலருடைய வாழ்க்கையைப் பலருடைய எண்ணிக்கையால் அளக்கக் கூடாது.

நம் நாட்டில் வாக்கெடுப்புக்கு இடமில்லை. உச்ச நீதிமன்றத்தில் கேட்டாகிவிட்டது. தன்பாலினத் திருமணத்தை ஏற்கக் கோரிய சுப்ரியோ வழக்கில், 2023 அக்டோபர் 17 அன்று, திருமணம் அடிப்படை உரிமை அல்ல என்பதில் ஐந்து நீதிபதிகளும் ஒன்றுபட்டார்கள். சேர்ந்து வாழும் உறவைச் சட்டம் ஏற்க வேண்டும் என்றவர்கள் இருவர். அது சட்டமியற்றுவோர் வேலை என்றவர்கள் மூவர். அமைச்சரவைச் செயலர் தலைமையில் ஒரு குழு ஆராயும் என்பதோடு விஷயம் நின்றது. தைவான் தீர்ப்பில் இருந்த கெடு இதில் இல்லை. 2025 ஜனவரியில் மறுஆய்வு மனுக்களும் தள்ளுபடியாயின.

சென்னை உயர்நீதிமன்றம் இதைவிடக் கனிவாக நடந்துகொண்டிருக்கிறது. திருநங்கையும் சட்டப்படி மணமகளே என்று 2019இல் மதுரைக் கிளை சொன்னது. 2021இல் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் தன்பாலினத் துணையர் வழக்கொன்றைத் தீர்க்குமுன், தமக்கே புரிதல் வேண்டுமென்று உளவியல் நிபுணரிடம் போய் உட்கார்ந்தார். அவரே 2023 நவம்பரில், துணையர் தங்களுக்குள் செய்துகொள்ளும் குடும்ப உறவு ஒப்பந்தத்தைப் பதிவுசெய்ய வழிகாணும்படி மாநில அரசிடம் யோசனை சொன்னார். குடும்பம் அமையத் திருமணம் ஒன்றே வழியல்ல என்று 2025 மே மாதத்தில் இரு நீதிபதிகள் அமர்வு எழுதியது. நல்ல சொற்கள். ஆனால் இருபது ஆண்டு ஒரே வீட்டில் வாழ்ந்த பெண்கள் இருவரில் ஒருத்தி அறுவைச் சிகிச்சைக்குப் போனால், ஒப்புதல் படிவத்தில் 'நோயாளிக்கு உறவு' என்ற கட்டத்தில் மற்றவள் 'தோழி' என்றுதான் எழுத வேண்டியிருக்கிறது. கையெழுத்துப் போட ஊரிலிருந்து அண்ணன் வர வேண்டியிருக்கிறது.

இந்த அவையில் சட்டமன்ற உறுப்பினர்கள் சிலர் இருக்கிறீர்கள். திருமணம் அரசியல் சாசனத்தின் பொதுப்பட்டியலில், ஐந்தாம் இனத்தில் இருக்கிறது. மத்தியச் சட்டத்தை மாநிலம் திருத்தலாம். குடியரசுத் தலைவர் ஒப்புதல் வேண்டும். அது எளிதில் கிடைக்காது என்பதை அறிவேன். கிடைக்காது என்று மசோதாவையே எழுதாமல் இருப்பது வேறு. 7ஏ பிரிவை எடுத்துப் பாருங்கள். எந்த இரண்டு இந்துக்களுக்கும் இடையே என்று விரிந்த கையோடு தொடங்கி, கணவன் என்றும் மனைவி என்றும் ஏற்பதாக அறிவிக்கும் இடத்தில் குறுகிவிடுகிறது. அந்த இடத்தில் 'வாழ்க்கைத் துணை' என்று எழுதுங்கள். அதுவரை, உயர்நீதிமன்றம் சொன்ன ஒப்பந்தப் பதிவையாவது தொடங்குங்கள். 1967இல் செய்ததைப் போலவே, ஏற்கெனவே சேர்ந்து வாழ்கிறவர்களுக்கும் அது முன்தேதியிட்டுப் பொருந்தும்படி எழுதுங்கள்.