பட்டமும் பட்டறையும்



பெங்களூருக்குக் கிழக்கே, சென்னையிலிருந்து வரும் இருப்புப்பாதையின் ஓரத்தில் வைட்ஃபீல்ட் என்னும் ஊர் இருக்கிறது. இப்பெயரைக் கேட்டவுடன் இன்று நம் நினைவுக்கு வருபவை கண்ணாடிச் சுவர்களையுடைய உயர்ந்த கட்டடங்களும், அவற்றினுள்ளே கணினியின் முன் அமர்ந்திருக்கும் இளைஞர் கூட்டமுமேயாகும். ஆனால் இவ்வூர் பிறந்த கதை வேறு. ஆங்கிலோ இந்திய மக்களின் தலைவர்களுள் ஒருவராக விளங்கிய டி. எஸ். ஒயிட் என்பவரின் பெயரைத் தாங்கிய குடியேற்றம் இது. 1882ஆம் ஆண்டில் மைசூர் மன்னர் பத்தாம் சாமராஜ உடையார் அம்மக்களின் சங்கத்துக்கு 3,900 ஏக்கர் நிலத்தை வழங்கினார். அரசாங்க உத்தியோகத்தையே நம்பியிருந்த ஒரு சமூகம், நிலத்தை உழுது தன் கையை நம்பி வாழப் பழக வேண்டும் என்பதே அக்குடியேற்றத்தின் நோக்கம்.

பின்னர் 1994ஆம் ஆண்டில் சிங்கப்பூர் நிறுவனங்களும் டாட்டா நிறுவனமும் கர்நாடக அரசும் கூடி, இங்கே ஒரு தொழில்நுட்பப் பூங்காவை அமைக்க முற்பட்டன. அன்று முதல் வைட்ஃபீல்டின் முகம் மாறியது. எனினும் ஒயிட் காலத்துக் கேள்வி மாறவில்லை. கையில் தொழில் உண்டா, அல்லது காகிதம் மட்டும்தானா என்று அன்று கேட்ட கேள்வியையே இவ்வூர் இன்றும் வருகின்ற ஒவ்வொருவரிடமும் கேட்கிறது.

இக்கேள்வி நம்மவருக்கு எவ்வளவு நெருக்கமானது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. கிருஷ்ணகிரியிலிருந்தும் தருமபுரியிலிருந்தும் வேலூரிலிருந்தும் இன்னும் தெற்கேயிருந்தும் பட்டம் பெற்ற பிள்ளைகள் இங்கே வந்து இறங்குகின்றனர். கோலார் தங்க வயலில் பல தலைமுறைகளாகச் சுரங்கத்தில் உழைத்த தமிழ்க் குடும்பங்கள், 2001 பிப்ரவரி மாதம் 28ஆம் நாள் சுரங்கம் மூடப்பட்ட பின், பிழைப்புக்குப் பெங்களூரையே நோக்கின. அவ்வயலிலிருந்து நாள்தோறும் நகரத்துக்கு வேலை தேடியும் வேலை செய்யவும் வருவோரைச் சுமந்து வரும் புகைவண்டிகள் வைட்ஃபீல்ட் நிலையத்தைக் கடந்துதான் செல்கின்றன. இத்தகைய குடும்பங்களில் ஒரு பிள்ளையின் படிப்பு என்பது தாயின் நகையும் தந்தையின் சேமிப்பும் வங்கிக் கடனும் சேர்ந்த முதலீடாகும். நான்கு ஆண்டுகள் கழித்து அந்தப் பட்டம் வேலைக்கு உதவாது என்று தெரியவருமானால், இழப்பு அந்தப் பிள்ளைக்கு மட்டும் உரியதன்று.

பட்டம் ஏன் சில வேளைகளில் உதவாமற் போகிறது? கல்லூரியில் கேட்கப்படும் வேலையும் தொழிற்கூடத்தில் கேட்கப்படும் வேலையும் வெவ்வேறாக இருப்பதே காரணம். ஓர் எடுத்துக்காட்டுச் சொல்கிறேன். கல்லூரித் தேர்வில் மாணவன் நாற்பது ஐம்பது வரிகளில் ஒரு கணினி நிரலைத் தானே தொடங்கித் தானே முடிக்கிறான். வைட்ஃபீல்டில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளில் அவனுக்குக் கொடுக்கப்படுவதோ, வேறு பலர் பல ஆண்டுகளாக எழுதி வைத்த இலட்சக்கணக்கான வரிகள். புதிதாக எழுதுவது அவனுடைய முதல் வேலையன்று. பிறர் எழுதியதைப் பொறுமையாகப் படிக்க வேண்டும். பிழை எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேட வேண்டும். ஒன்றைத் திருத்தும்போது மற்றொன்று கெடாமற் பார்த்துக்கொள்ள வேண்டும். தான் திருத்தியதை மற்றொருவர் ஆராய்ந்து குறை சொன்னால் அதை ஏற்றுக்கொள்ள வேண்டும். இவற்றுள் எதற்கும் பல்கலைக்கழகத் தேர்வில் மதிப்பெண் இல்லை.

இயந்திரத் தொழிலிலும் இதே நிலைதான். வரைபடத்தில் 25 மில்லிமீட்டர் என்று எழுதப்பட்ட ஒரு தண்டு, கடைசலில் அச்சொட்டாக 25 மில்லிமீட்டராக வருவதில்லை. எவ்வளவு கூடலாம், எவ்வளவு குறையலாம் என்று வரம்பு கட்டுவதே பொறியாளரின் வேலை. மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு தவறினால் தண்டு தாங்கியில் நுழையாது. அல்லது தளர்ந்து ஆடும். இதைப் புத்தகத்தில் படித்தவனுக்கும், மைக்ரோமீட்டரைக் கையில் பிடித்து அளந்து, தவறிய துண்டை ஒதுக்கி வைத்துவிட்டு மறுபடியும் கடைந்தவனுக்கும் உள்ள வேறுபாடு பெரிது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று நம் முன்னோர் சொன்னது இதைத்தான்.

கல்லூரியையும் தொழிற்கூடத்தையும் இணைக்க வேண்டும் என்னும் எண்ணம் புதியதன்று. அமெரிக்காவில் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் ஹெர்மன் ஷ்னைடர் என்னும் பேராசிரியர் 1906ஆம் ஆண்டிலேயே இதைச் செய்து காட்டினார். அவருடைய மாணவர்கள் ஒரு வாரம் வகுப்பிலும் மறு வாரம் தொழிற்சாலையிலுமாக மாறி மாறிப் பயின்றனர். முதலில் சேர்ந்தவர்கள் 27 பேரே. பின்னர் இம்முறை பல நாடுகளுக்கும் பரவியது.

நம் நாட்டுக்கு எடுத்துக்காட்டுத் தேடிக் கடல் கடக்க வேண்டியதில்லை. கோயமுத்தூருக்குச் சென்றால் போதும். பி. எஸ். ஜி. அறநிலையம் 1926ஆம் ஆண்டில் தொழிற்பட்டறையொன்றை நிறுவியது. 1951இல் அதன் தொழில்நுட்பக் கல்லூரி பிறந்தது. பட்டறையும் கல்லூரியும் ஒரே வளாகத்தில் அமைந்தமையால், விற்பனைக்குரிய பொருள்கள் உருவாகும் இடத்திலேயே மாணவன் பயிற்சி பெற முடிந்தது. படிப்பையும் பட்டறை வேலையையும் ஊடும் பாவுமாகப் பிணைத்த ஐந்தாண்டுப் பட்டப்படிப்பு அங்கே உண்டு. சாண்ட்விச் படிப்பு என்பது அதன் பெயர். ஓராண்டு கூடுதலாகச் செலவாகிறதே என்று தயங்கியவர்களும் உண்டு. ஆனால் அந்த ஓராண்டு, வேலையில் சேர்ந்த பின் தடுமாறிக் கழிக்க வேண்டிய காலத்தை முன்கூட்டியே கழித்துவிடுவதாகும்.

அதே கோயமுத்தூரில் வாழ்ந்த ஜி. டி. நாயுடு அவர்கள் இதற்கு நேர்மாறான கணக்கைச் சொன்னார். 1945இல் அவருடைய முயற்சியால் ஆர்தர் ஹோப் பெயரால் பொறியியற் கல்லூரி தொடங்கப்பட்டது. வீண் சுமையை நீக்கிச் செய்முறையை மிகுத்தால் நான்காண்டுப் படிப்பை இரண்டாண்டில் முடிக்கலாம் என்பது நாயுடுவின் வாதம். அரசாங்கம் உடன்படவில்லை, அவர் விலகிவிட்டார். அக்கல்லூரியே இன்று அரசினர் தொழில்நுட்பக் கல்லூரியாக விளங்குகிறது. ஒருவர் காலத்தைக் கூட்டச் சொன்னார். மற்றவர் குறைக்கச் சொன்னார். ஆயினும் மாணவனின் கை பழகியாக வேண்டும் என்பதில் இரு தரப்பாரும் ஒன்றுபட்டே நின்றனர்.

பெங்களூர் நகரிலிருந்து வைட்ஃபீல்டுக்குப் பழைய விமான நிலையச் சாலை வழியே வருபவர்கள், இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலையைக் கடந்து வருகின்றனர். 1940ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட அத்தொழிற்சாலைக்குள் 1950களின் பிற்பகுதியில் இராமேசுவரத்து இளைஞர் ஒருவர் பயிற்சியாளராக நுழைந்தார். அவர்தாம் பிற்காலத்தில் குடியரசுத் தலைவராக உயர்ந்த அப்துல் கலாம். சென்னைக் குரோம்பேட்டையிலுள்ள எம். ஐ. டி. கல்லூரியில் விமானப் பொறியியல் பயின்றபோது, அங்கு வைக்கப்பட்டிருந்த இரண்டு பழைய விமானங்களே தம்மை அத்துறைக்கு ஈர்த்தன என்று அவர் எழுதியிருக்கிறார். தாக்குதல் விமானம் ஒன்றை வரைந்தமைக்கும் பணியில் அவர் பின்தங்கியபோது, இயக்குநர் பேராசிரியர் சீனிவாசன், ஒரு மாத அவகாசம் கேட்டவருக்கு மூன்றே நாள் கொடுத்தார். இரவு பகலாக வரைபலகையை விட்டு எழாமல் அவர் வேலையை முடித்தார். பின்பு பெங்களூரில் பிஸ்டன் இஞ்சினையும் டர்பைன் இஞ்சினையும் கழற்றிப் பழுது பார்த்துப் பூட்டும் குழுவில் பணிபுரிந்தார். வகுப்பில் படித்த கருத்துக்கள் பல அங்கேதான் தமக்குத் தெளிவாயின என்பது அவர் கூற்று.

இன்றைய நிலைக்கு வருவோம். பெங்களூரைச் சுற்றிலும் இத்தகைய கல்விக்குப் பல வாயில்கள் திறந்திருக்கின்றன. 1959இல் சுவிட்சர்லாந்து நாட்டவர் துணையோடு கேரளத்து நெட்டூரில் தொடங்கிய தொழிற்பயிற்சி நிறுவனம் இன்று பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்குகிறது. டென்மார்க்கு நாட்டின் உதவியோடு 1972இல் உருவான அரசுக் கருவிக்கூடப் பயிற்சி நிலையத்தில், மூன்றாண்டுப் பயிற்சிக்குப் பின் ஓராண்டு தொழிற்சாலைப் பணியும் பட்டயப் படிப்பின் பகுதியாக உள்ளது. பெங்களூரின் சர்வதேசத் தகவல் தொழில்நுட்பக் கழகம் 1999இல் தொடங்கியபோது, அது இயங்கியது வைட்ஃபீல்டின் தொழில்நுட்பப் பூங்காவுக்குள்ளேயே. 2003இல்தான் எலெக்ட்ரானிக் சிட்டிக்குப் பெயர்ந்தது. அறிவியற் பட்டதாரிகளை வேலையில் அமர்த்திக்கொண்டே மேற்பட்டம் படிக்க வைக்கும் திட்டத்தை விப்ரோ நிறுவனம் பிலானிக் கழகத்தோடு சேர்ந்து 1995இல் தொடங்கியது. சம்பளம் வீட்டுக்கு வரும்; படிப்பும் தொடரும். வறிய குடும்பத்துப் பட்டதாரிக்கு இது பேருதவி.

சட்டத்தின் துணையும் உண்டு. 1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டம் 1973இல் திருத்தப்பட்டுப் பொறியியற் பட்டதாரிகளையும் பட்டயதாரிகளையும் சேர்த்துக்கொண்டது. 2014இல் பிற பட்டதாரிகளுக்கும் வழி திறந்தது. 30 பேரும் அதற்கு மேலும் பணிபுரியும் நிறுவனங்கள் பழகுநரைச் சேர்த்துக்கொள்ளக் கடமைப்பட்டவை. பட்டதாரிப் பழகுநருக்குரிய குறைந்தபட்ச உதவித்தொகையில் பாதியை மத்திய அரசு ஏற்றுக்கொள்கிறது. தென்னகத்துக்குரிய பயிற்சி வாரியம் சென்னைத் தரமணியில் இருக்கிறது. கர்நாடகமும் அதன் எல்லைக்குள் அடங்கும். 2020இல் பல்கலைக்கழக மானியக் குழு வகுத்த நெறிமுறைப்படி, பட்டப்படிப்பின் உள்ளேயே குறைந்தது ஒரு பருவம் தொழிற்பழகுதலாக அமையலாம். அதற்குரிய மதிப்பும் பட்டத்தோடு சேரும்.

இவ்வளவும் சொன்ன பின் ஓர் எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். கைப்பழக்கம் என்ற பெயரில் ஒரே ஒரு கருவியை மட்டும் பழக்கிவிட்டு அனுப்புவது கல்வியாகாது. இன்று நிறுவனங்கள் விரும்பும் மென்பொருள் ஐந்தாறு ஆண்டுகளில் வழக்கொழிந்து போகலாம். கணக்கும் இயற்பியலும் நிரலாக்கத்தின் அடிப்படையும் கற்றவன் புதிய கருவிக்கு மாறிக்கொள்வான். விசையை அழுத்த மட்டும் பழகியவன் அன்றோடு நின்றுவிடுவான். சிறிய நிரலைக் கணினியே எழுதித் தரும் காலம் இது. எழுதப்பட்டது சரியா என்று ஆராயும் அறிவுக்குத்தான் இனி விலை. அவ்வறிவு ஏட்டில் பாதியும் பட்டறையில் பாதியுமாக விளைவது.

ஆகையால் பிள்ளையைக் கல்லூரியில் சேர்க்கும் முன் பெற்றோர் சில கேள்விகளைத் துணிந்து கேட்க வேண்டும். தொழிற்சாலைப் பயிற்சி எத்தனை மாதம்? அதற்கு மதிப்பெண் உண்டா? பயிற்சிக் காலத்தில் உதவித்தொகை கிடைக்குமா, அல்லது நம்மிடமே கட்டணம் கேட்பார்களா? மாணவனின் வேலையை மேற்பார்ப்பவர் அத்தொழிலைச் செய்தவரா? பரிசோதனைக் கூடத்தில் ஒரு கருவிக்கு எத்தனை மாணவர்? இருபது பேர் சூழ்ந்து நிற்க ஒருவர் செய்து காட்டுவது செய்முறை ஆகாது. கடந்த ஆண்டு மாணவர்கள் செய்து முடித்த வேலைகளைக் காட்டச் சொல்லுங்கள். உண்மையான பயிற்சி அளிக்கும் கல்லூரி மகிழ்ந்து காட்டும். பணம் பெற்றுக்கொண்டு பயிற்சிச் சான்றிதழை மட்டும் வழங்குவோரும் உளர். அச்சான்றிதழ் நேர்முகத் தேர்வின் முதற் கேள்வியிலேயே கிழிந்துவிடும்.

பட்டம் பெற்றும் வேலை கிட்டாத இளைஞர்களுக்கும் ஒரு சொல். ஓராண்டு பழகுநராகச் சேர்வதை இழிவென்று எண்ண வேண்டாம். முழுச் சம்பளம் இல்லையே என்று சுற்றத்தார் பேசலாம். ஆனால் அந்த ஓராண்டில், தவறு செய்யவும் அதைத் திருத்திக்கொள்ளவும் உரிமையுண்டு. முழு ஊழியனுக்கு அந்தச் சலுகை அரிது. அக்காலத்தில் கன்னடமும் பேசக் கற்றுக்கொள்ளுங்கள். பட்டறையில் தொழில் சொல்லித் தரும் மூத்த தொழிலாளர் பலர் தம் தாய்மொழியிலேதான் நுட்பத்தை விளக்குவர். அவரை மதித்து, அவர் மொழியில் கேட்பவனுக்கு அவர் எதையும் ஒளிக்கமாட்டார்.

2023ஆம் ஆண்டு முதல் மெட்ரோ இரயில் வைட்ஃபீல்ட் வரை வருகிறது. காலை வேளையில் அதில் வந்து இறங்கும் ஆயிரக்கணக்கானோரில் நம் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவர்கள் பையில் இருக்கும் பட்டம் வாயிலைத் திறக்கும். உள்ளே நிலைத்து நிற்கச் செய்வது பழகிய கையும் தெளிந்த அறிவுமே. எந்தப் பட்டம் என்று கேட்கும் முன், அது என்ன செய்யக் கற்றுத் தரும் என்று கேட்போமாக.